செம்மஞ்சள் கால்சட்டையோடு துக்கம் விசாரித்தது

1

சென்ற வாரம் அலுவலகத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது என் கைப்பேசி தானாகவே பாட ஆரம்பித்தது. 'ஒரு வருடத்துக்கு முன்: பனிமலையில் உற்சாகம்' என்று தலைப்புப் போட்டு, துள்ளல் இசை சேர்த்து, என் படங்களை ஒன்றன் பின் ஒன்றாகக் காட்டியது. முதல் படத்தில் ஆல்ப்ஸ் மலை. இரண்டாவதில் வெறும் மூடுபனி. மூன்றாவதில் நான் ஒரு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருக்கிறேன். மேலே வெள்ளைச் சேட்டு. கீழே கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் நிறத்தில் பனிச்சறுக்குக் கால்சட்டை, அதன் வார்கள் இரண்டும் தோளில். கையில் பால் விடாத பிளேன் ரீ. எனக்குப் பின்னால் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று, அதற்குக் கீழே மின்சார விளக்கு. அந்தக் காட்சியின் மேல் கைப்பேசி வண்ணக் காகிதங்களைத் தூவியது.

பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்து, "குடும்பத்தோடு ஸ்கீயிங்கா? நன்றாக இருந்ததா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நன்றாக இருந்தது என்று தலையாட்டினேன். அவளுக்கு விளக்க வெளிக்கிட்டால் மதிய இடைவேளை போதாது. உங்களுக்கு என்றால் பாதியைச் சொல்லாமலே விளங்கும்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் இந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். காலில் இரண்டு நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு பனிமலையின் மேலிருந்து வழுக்கிக் கீழே வர வேண்டும். வந்ததும் காசு கொடுத்து மறுபடி மேலே போக வேண்டும். கால் முறிவதற்குத் தனியாகக் காப்புறுதி உண்டு. இதற்காக இங்குள்ளவர்கள் வருடம் முழுக்கச் சேமிக்கிறார்கள்.

போவோம் என்றவள் என் மகள் அபிரா. அப்போது அவள் பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தாள். செப்ரெம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம். எங்களோடு எங்கேயாவது வருவது அநேகமாக இதுதான் கடைசித் தடவை என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கணினியில் திட்டத்தைப் போட்டுக் காட்டினாள். லண்டன் ஹரோவில் இருந்து எங்கள் பழைய கார், டோவரில் கப்பல், பிறகு பிரான்சில் ஒரு மலை, சுவிசில் ஒரு மலை, ஒஸ்ரியாவில் ஒரு மலை. பெயர் பெற்ற இடங்கள் எதுவும் கிடையாது. ஒருவரும் கேள்விப்படாத மலையாகப் பார்த்து, அதன் அடிவாரத்துக் கிராமத்தில் சமையலறை வைத்த அறையாகப் பிடித்திருந்தாள். உடுப்பெல்லாம் ஆரோ கழித்துவிட்டவை, இணையத்தில் வாங்கியவை. எனக்கு வந்து சேர்ந்த சோடிதான் அந்தச் செம்மஞ்சள். தொலைந்து போனால் ஹெலிகொப்ரரில் இருந்து கண்டுபிடிக்கலாம் என்றாள்.

"ஒரே ஒரு நிபந்தனை, அப்பா," என்றாள். (அவள் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். நான் தமிழாக்கித் தருகிறேன். கோபம் குறைவாகத் தெரிந்தால் பிழை என்னுடையது.) "சொந்தக்காரர் வீடு ஒன்றுக்கும் போகக் கூடாது. மற்றக் குடும்பங்கள் போவது போல நாங்களும் போவோம். பொம்பிளைப்பிள்ளை வளர்ந்திட்டாள் என்று ஒரு ஆன்ரியும் என் கன்னத்தைக் கிள்ளக் கூடாது."

அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் பிறந்ததில் இருந்து நாங்கள் ஐரோப்பாவில் பார்த்ததெல்லாம் சோபாக்கள். பாரிசுக்கு நாலு தரம் போய் அந்தக் கோபுரத்தைக் காரின் பின் கண்ணாடியால் பார்த்த பிள்ளை அது.

"சத்தியம்?" என்றாள்.

"சத்தியம்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ஒரு முழு நாள், வெளிச்சமான ஒரு நாள், இந்தப் பிள்ளையோடு ஒரு மலையில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு எடின்பரோவோ எங்கேயோ போகட்டும்.

திட்டத்தில் இரண்டாவது மலையின் பெயரை மட்டும் நான் இரண்டு தரம் வாசித்தேன். மலிவு என்பதால் அவள் தெரிவு செய்த அந்தச் சுவிஸ் கிராமத்தில் இருந்து இறங்கினால் இருபது நிமிடத்தில் ஞானம் அண்ணையின் வீடு. மனைவி பவானியும் திரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் பருப்பைக் கிளறினாள்.

3

எங்கள் ஆட்களுக்குச் சிக்கனம் என்றால் இரவல். ஆல்ப்ஸ் வீதியில் ரயருக்குப் பூட்ட இரும்புச் சங்கிலி வேண்டும் என்று சட்டம். லண்டனின் மறு பக்கத்தில், செவன் கிங்ஸில் குலம் என்று ஒருவர் இருக்கிறார். ஜேர்மனியில் பல காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து கட்டட வேலைகள் எடுத்துச் செய்பவர். அவரிடம் சங்கிலி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

"எங்கை போறியள்?"

"சும்மா, பிரான்ஸ் பக்கம்."

"பிரான்சிலை எவடம்?"

"மலைப்பக்கம் அண்ணை."

குலம் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "மலையிலை ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

ஒருவரும் இல்லை, மலையைப் பார்க்கத்தான் போகிறோம் என்றதை அவர் நம்பவில்லை. நான் ஹரோவுக்கு வந்து சேருமுன் பவானியின் பெரியம்மா மகள் பாரிசில் இருந்து போன் எடுத்துவிட்டாள்.

"எங்கடை வீட்டுப் படலையைத் தாண்டித்தானே போகவேணும்? எட்டிப் பாக்காமல் போற அளவுக்கு வந்திட்டியளோ?" அவள் இருப்பது ஏழாம் மாடியில். வாசலில் படலையே கிடையாது. நாங்கள் பாரிசுக்குள் நுழையாமல் சுற்றிப் போகிறோம் என்று பவானி வரைபடம் வைத்து விளக்கினாள். அடுத்த கிழமைக்குள் ஸ்ராஸ்பேர்க்கில் இருந்து ஒரு அழைப்பு, பேர்ணில் இருந்து ஒன்று. எல்லோருக்கும் நான் வேலை விடயமாகப் போகிறேன், குடும்பம் சும்மா கூட வருகிறது என்று ஒரு பொய்யைத் தயாரித்து வைத்திருந்தோம். ஒரு கணக்காளருக்கு ஆல்ப்ஸ் உச்சியில் என்ன வேலை என்று நல்லகாலம் ஒருவரும் கேட்கவில்லை.

வராத அழைப்பு ஒன்றே ஒன்று. ஞானம் அண்ணையுடையது.

லண்டனுக்கு வருமுன் நான் இரண்டு வருடம் சுவிசில் இருந்தவன். அகதி முகாமில் எனக்கு மேல் கட்டில் ஞானம் அண்ணை. பிறகு அவர் ஹோட்டல் சமையலறையில் வேலை எடுத்து, மனைவி செல்வி அக்காவை ஊரில் இருந்து கூப்பிட்டு, ஒரு வீடு பிடித்தபோது அந்த வீட்டின் வரவேற்பறை என்னுடையதாகிவிட்டது. என் தாய் தகப்பன் ஊரை விட்டு வர முடியாத காலத்தில், என் கல்யாணத்தில் அந்த இடத்தில் நின்றவர்கள் அவர்கள் இருவரும்தான்.

கொரோனாக் காலத்தில் செல்வி அக்கா நோயில் செத்துப் போனா. எல்லைகள் பூட்டியிருந்தன. ஹரோ வீட்டு ரீவியில் செத்த வீட்டைப் பார்த்தோம். இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. அன்று போனில் ஒரு தரம் அழுதோம். அதன் பிறகு பேச்சில்லை.

கோபம் இல்லை, சண்டை இல்லை. உங்களுக்குத் தெரியும்தானே, நேரில் போய்த் துக்கம் விசாரிக்காமல் அந்த வீட்டோடு எப்படிச் சாதாரணமாகக் கதைப்பது? எடுத்து, "அண்ணை, இண்டைக்கு என்ன சமையல்?" என்று கேட்க முடியுமா? முதலில் போக வேண்டும். போவதற்கு ஒரு வருடம் லீவு இல்லை, அடுத்த வருடம் பவானிக்கு விசா இல்லை, பிறகு அபிராவின் பரீட்சை. அவராலும் வா என்று சொல்ல முடியாது. தன் வீட்டுத் துக்கத்துக்கு ஆளை அழைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. இப்படியாக, ஒருவர்மீது ஒருவர் உயிராக இருந்த இரண்டு பேர் வருடக்கணக்கில் ஒருவரை ஒருவர் மரியாதையாகத் தவிர்த்துக்கொண்டிருந்தோம்.

4

பவானி இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தான். ஊரில், உரும்பிராயில் ஒரு காணிப் பிரச்சினை முடியட்டும் என்று காத்திருக்கிறாள். காணியும் முடியவில்லை, பாஸ்போர்ட்டும் மாறவில்லை. ஆகவே எனக்கும் மகளுக்கும் எல்லையில் ஒரு கைரேகையோடு முடிகிற விடயம், அவளுக்கு மூன்று மாத வங்கிக் கணக்கு, காப்புறுதி, தங்குமிடங்கள், வேலையிடத்துக் கடிதம் என்று ஒரு கட்டு. விசா நிலையத்தில் இருந்த இளைஞன் கட்டைப் புரட்டிவிட்டு, காஞ்சிபுரம் கட்டி வந்திருந்த என் மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

"பனிச்சறுக்கு?" என்றான்.

"யெஸ்," என்றாள் பவானி.

"அங்கே உறவினர்கள், நண்பர்கள் யாரையாவது சந்திப்பீர்களா?"

பவானி என்னைப் பார்த்தாள். தொலைபேசியில் பொருள் விற்பவனிடம்கூடப் பொய் சொல்லத் தெரியாதவள் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். "நோ," என்றாள், சாமி கும்பிட்டு முடித்தவள் போல. ஞானம் அண்ணை வீட்டுக்குப் போகத்தான் போகிறோம் என்று அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது.

5

பெப்ரவரிப் பள்ளி விடுமுறையில் புறப்பட்டோம். இறைச்சியும் பாலும் எல்லை கடக்கக் கூடாது என்று இப்போது சட்டம். ஆகவே அரிசிமா, சம்பல், கருவாடு. கருவாடு கார்க் கூரைப் பெட்டிக்குள் காலுறைகளோடு பயணம் செய்ததை அபிரா இரண்டாம் நாள்தான் கண்டுபிடித்தாள்.

பிரெஞ்சு மலை ஏன் அவ்வளவு மலிவு என்பது போய் இறங்கியதும் தெரிந்தது. பனி இல்லை. அசல் பச்சைப் புல். பலகை வாடகைக் கடைக்காரர் சென்ற வாரம் இருந்தது என்று கையை விரித்தார். இரண்டு நாளும் அறைக்குள் இருந்து 304 சீட்டு விளையாடினோம். அபிரா ஒவ்வொரு முறையும் வென்றாள். "பரவாயில்லை அப்பா, சுவிஸ் மலை உயரம், அங்கே பனி இருக்கும்," என்று அவள் என்னைத் தேற்றினாள். காரில் தன் பாட்டுகளைப் போட்டுக் காட்டினாள். எனக்கு அந்தப் புல்லே போதும் போல இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் சுவிஸ் கிராமத்துக்கு வந்து சேர்ந்தோம். பனி முழங்கால் அளவு கிடந்தது. மறுநாள் வியாழன் நல்ல வெயில், வெள்ளி முழுக்க மூடுபனி, சனி நாங்கள் ஒஸ்ரியா போக வேண்டும் என்று வானிலை அறிக்கையை அபிரா வாசித்துக் காட்டினாள். ஆக, நான் கேட்ட ஒரு நாள் வியாழக்கிழமைதான். கையுறை தேடிப் பெரிய பையைக் கிளறியவள் அடியில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். கரையில்லாத ஒரு சாம்பல் நிறச் சேலை. அதற்குள் மடித்து என் வெள்ளைச் சேட்டு.

"இது என்ன?"

பவானி சேலையை வாங்கி மறுபடி மடித்தாள். நான் சொன்னேன். ஞானம் மாமா, செல்வி அக்கா, என் கல்யாணம், எல்லாவற்றையும். இருபது நிமிடத் தூரம் என்பதையும்.

"உங்களுக்கு ஆரம்பத்திலேயே தெரியும்," என்றாள். "நான் இந்த மலையைத் தெரிவு செய்த அன்றே. சத்தியம் பண்ணிக்கொண்டே தெரியும்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கன்னம் கிள்ளப்படுவதைவிடப் பெரிய ஏதோ ஒன்றை நான் செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை போகலாமே என்று பவானியிடம் கேட்டேன்.

"செவ்வாய், வெள்ளியிலை செத்த வீட்டுக்குப் போறதே? உங்களுக்கென்ன விசரே?"

"அப்ப நாளைக்கு விளையாடிப்போட்டுப் பின்னேரம்?"

"விளையாடிப்போட்டோ!" என்று மட்டும் சொன்னாள்.

கடைசியில் அபிராதான் முடிவு சொன்னாள். காலையில் போவது, அரை மணி நேரம், அங்கிருந்து நேரே மலைக்கு. உடுப்பு மாற்ற வந்து நேரத்தை வீணாக்கக் கூடாது, ஆகவே எல்லோரும் ஸ்கீ உடுப்போடுதான். தான் காரிலேயே இருப்பாளாம். பவானி சேலையை விட்டுக்கொடுக்கவில்லை. நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். மேலே மனைவி சொன்ன வெள்ளைச் சேட்டு, கீழே மகள் சொன்ன செம்மஞ்சள்.

6

ஞானம் அண்ணை கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தார், கால்சட்டையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"வந்திட்டியோ தம்பி," என்றார். அவ்வளவுதான். நான் அவருடைய தோளில் முகத்தை வைத்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

பிறகு உட்கார்ந்தோம். இப்படிப்பட்ட வீட்டில் பேசாமல் இருப்பதுதான் பேச்சு. ஆனால் அந்தக் கால்சட்டை நைலோன். மூச்சு விட்டாலும் சரசரத்தது. ஒரு காலை அசைத்தால் அறை முழுக்கக் கேட்டது. பவானி என்னைப் பார்த்த பார்வையில் நான் கல்லாகிப் போனேன்.

அதற்குள் கார் குளிர்ந்து அபிரா உள்ளே வந்துவிட்டாள். தலைக்கவசம், கண்ணாடி, கனத்த சப்பாத்து, முழுக் கோலம். "மாமாவுக்கு வணக்கம் சொல்லு," என்று பவானி தாழ்ந்த குரலில் சொன்னாள். அபிரா சொல்லவில்லை. அவள் எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அப்போதுதான் திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

மாலை போட்ட படத்தில் செல்வி அக்கா. தலையில் சிவப்புத் தலைக்கவசம், அதற்கு மேல் தூக்கிவிட்ட பனிக்கண்ணாடி. நெற்றியில் பொட்டு. வாய் நிறையச் சிரிப்பு. பின்னால் பனி.

"ஸ்கீ பண்ணினவாவா?" என்று அபிரா தமிழிலேயே கேட்டாள்.

"அம்பது வயசுக்குப் பிறகு பழகினவ, பிள்ளை. வேலை செய்த இடத்துப் பெட்டையள் கூட்டிக்கொண்டு போனவளவை. முதல் நாள் விழுந்து கை உளுக்கி வந்தா. இனிப் போகமாட்டா எண்டு நினைச்சன். அடுத்த ஞாயிறும் போனா." அவர் படத்தைப் பார்த்தார். "எனக்குப் பயம். நான் கீழை நிப்பன். மேலை சூடு எண்டு கோட்டைக் கழட்டித் தந்திட்டுப் போவா. நான் அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். லண்டனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, சிரிப்பினம் எண்டுவா."

நான் என் கால்சட்டையைக் குனிந்து பார்த்தேன். அபிரா தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எந்தப் பாதையில் இறங்குவா, எவ்வளவு வேகம் என்றெல்லாம் கேட்டாள். தமிழ் தடுக்கிய இடங்களில் அவர் ஜேர்மன் சொற்களைப் போட்டார், இவள் ஆங்கிலத்தைப் போட்டாள். அவர் ரீ ஊற்றினார். அவள் என் கைப்பேசியை வாங்கி எங்களைப் படம் எடுத்தாள். அரை மணி நேரம் போய் இரண்டு மணி நேரமாகியும் அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பவானி கண் காட்டினாள். எழுந்தோம். துக்கம் விசாரித்த வீட்டில் விடை சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. பேசாமல் எழுந்து, பேசாமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல் நடந்துவிட வேண்டும். நாங்கள் அப்படியே செய்தோம். படியில் இறங்கிவிட்டோம். பின்னால் வந்த அபிரா வாசலில் திரும்பி நின்றாள். ஹரோவில் சிறு வயதில் சனிக்கிழமைதோறும் அவள் படித்த தமிழில் மற்றதெல்லாம் கரைந்து போய் மிச்சமிருந்த ஒரே முழு வசனத்தை, நன்னடத்தைப் பாடத்தில் மனப்பாடம் பண்ணிய அதே தெளிவோடு சொன்னாள்.

"நாங்கள் போய்விட்டு வருகிறோம், மாமா."

பவானி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, பிள்ளை..."

ஞானம் அண்ணை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தினை பேர் வந்து போட்டினம் தெரியுமே, தம்பி," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "ஜேர்மனியாலை, பாரிசாலை. முறைப்படி வந்தவை, முறைப்படி சொல்லாமல் போனவை. ஒருத்தரும் திரும்பி வரேல்லை. இந்த வாசல்லை நிண்டு வாறன் எண்டு சொன்ன ஆள் இவள்தான்." பிறகு அபிராவிடம் குனிந்தார். "எப்ப வாறாய், பிள்ளை?"

அபிரா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவை.

"நாளைக்கு," என்றாள்.

காருக்குள் ஏறியதும் நான் பவானியைப் பார்த்தேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தாள்.

"துக்கத்துக்கு எண்டால்தான் வெள்ளி கூடாது. சும்மா போறதுக்கு வெள்ளி நல்ல நாள்தானே," என்றாள்.

7

வியாழக்கிழமை வெயிலை நாங்கள் பார்க்கவில்லை. செத்த வீட்டுக்குப் போய் வந்தால் தலை முழுக வேண்டும் என்று பவானி அறைக்குக் கூட்டிப் போனாள். ஒரு குளியலறையில் மூன்று பேரும் முழுகி, தலை உலர்த்தி, சமைத்துச் சாப்பிட்டு முடிய, மலைக்குப் போகும் கடைசிக் கம்பிவண்டி போய்விட்டது.

வெள்ளிக்கிழமை சொன்னபடி மூடுபனி. கை நீட்டினால் கை தெரியாது. குழந்தைகள் பழகும் சரிவில் நானும் அபிராவும் வழுக்கி வழுக்கி விழுந்தோம். அவள் என் கண்ணுக்குத் தெரியவில்லை, "அப்பா! எங்கே? விழுந்திட்டீங்களா?" என்கிற குரல் மட்டும் கேட்டது. "ஓம், விழுந்திட்டன்," என்று நானும் கத்தினேன். நாள் முழுக்க இதுதான். நான் கேட்ட வெளிச்சமான நாள் கிடைக்கவில்லை, ஆனாலும் அவள் அன்று அப்பா என்று கூப்பிட்ட அளவுக்கு அதற்கு முந்திய ஐந்து வருடத்திலும் கூப்பிட்டிருக்க மாட்டாள்.

அபிரா சொன்னபடியே காலையில் வீட்டுக்குப் போய் ஞானம் அண்ணையையும் கூட்டி வந்திருந்தோம். கீழே கடுங்குளிரில் அவரும் பவானியும் நின்றார்கள். செல்வி அக்கா போன பிறகு அவர் மலைப்பக்கம் வருவது இதுதான் முதல் தடவையாம். அபிரா இறங்கி வந்து கோட்டைக் கழற்றினாள். அவர் கை தானாக நீண்டது.

ஒஸ்ரியாவைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. மழை.

8

இது நடந்து ஒரு வருடம். அபிரா இப்போது எடின்பரோவில். பொதுவாக எனக்கு வரும் செய்திகள் 'ஓகே', 'பிஸி' என்ற இரண்டு வகை. இரண்டு கிழமைக்கு முன் கொஞ்சம் நீளமாக ஒன்று வந்தது. படிப்பு இடைவேளையில் மூன்று சிநேகிதிகளோடு அதே மலைக்குப் போகிறாளாம். தங்குமிடம் இலவசம், ஞானம் மாமா வீடு. அவர் இடியப்பம் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

எனக்கும் லீவு இருக்கிறது என்று எழுதினேன். அந்தச் செம்மஞ்சள் கால்சட்டையும் இருக்கிறது என்று எழுதினேன்.

பதில் உடனே வந்தது. ஒரே ஒரு நிபந்தனையாம். இந்த முறை பெற்றோர் கூடாது.

பவானி இரண்டு நாள் சிரித்தாள். பிறகு ஒரு நாள் அழுதாள். நான் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன்.

அலுவலகத்தில் கைப்பேசி பாடிய அன்று, வண்ணக் காகிதம் தூவி முடிந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஞானம் அண்ணை போன் எடுத்தார். இப்போதெல்லாம் அடிக்கடி எடுப்பார், இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பார். அன்று குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது.

"தம்பி, உன்ரை மகள் மேலை போயிட்டாள். நல்ல வெயில். எனக்கு இஞ்சையிருந்து பாக்கத் தெரியுது."

"குளிரேல்லையே அண்ணை? ஏன் வெளியிலை நிக்கிறியள்?"

"என்னெண்டு உள்ளை போறது? கோட்டைத் தந்திட்டெல்லே போனவள்," என்றார்.